லோடு ஏறாத பழம்

ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போன வண்டி
பதினேழு நாள் கழித்து வந்து நின்றபோது
கேபினில், கிளீனர் மாரப்பன் படுக்கிற பலகையில்
ஈரச்சாக்கு சுற்றிய ஒரு குச்சி கிடந்தது.
"வெயில் காலத்துல பழுக்கிற ஆப்பிளாமா" என்றார்.
பேர் இல்லை. லாரி நம்பர் மாதிரி ஓர் எண்.
அதிலும் பாதியை வழியில் மறந்திருந்தார்.

சங்ககிரியில் ஆப்பிள்!
எதிர்வீட்டுத் துளசிமணி சிரித்த சிரிப்புக்கு
அவள் கோழியெல்லாம் வேலி ஏறிற்று.

எங்கள் போரில் வருவது சப்பைத் தண்ணி.
சோப்பு நுரைக்காது, குடத்தடியில் வெள்ளை படியும்.
முதல் வருசம் அதைத்தான் விட்டேன்.
இலையோரமெல்லாம் பீடி சுட்ட காகிதமாய்க் கருகியது.
அப்புறம், எட்டு நாளைக்கொருக்கா வரும் காவேரியில்
இரண்டு குடம் அதற்கு.
"மனுசருக்கே காணலை, இவ மரத்துக்கு ஊத்தறா"
என்று குழாயடியில் பேச்சு.
பதில் சொல்லவில்லை.
மூன்றாவது குடத்தையும் வைத்துப் பிடித்தேன்.

வளர்ந்தது. ஆனால் தூங்க மாட்டேனென்றது.
அவர் எங்கேயோ ஒரு டாபாவிலிருந்து பேசினார்:
அங்கே பனி விழுந்தால் இலை தானாகக் கொட்டுமாம்,
செத்தது போலக் கிடந்து எழுந்துதான் பூக்குமாம்.
இங்கே மார்கழி என்பது
விடிகாலையில் தலைக்கு ஒரு துண்டு,
பத்து மணிக்கு அதே துண்டில் வேர்வை.
"ஓர் இலை விடாம உருவிடு" என்றார்.

நான் தார்ப்பாய் தைக்கிறவள்.
கண்ணி அடித்தே கட்டைவிரல் காய்த்துப்போனவள்.
மூன்றாம் வருசத்து மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை
கால் ஆடும் ஸ்டூலில் ஏறி நின்று
பச்சை இலையை, ஒரு நோயுமில்லாத இலையை
காம்போடு கிள்ளினேன்.
அறுநூறு வரைக்கும் எண்ணினேன்.
பிறகு எண்ணினால் பாவம் என்று தோன்றிற்று.
மொட்டைக் குச்சிகளிடம் சொன்னேன்:
பனி வந்துட்டுப் போயிருச்சு,
ராத்திரி, நீ பார்க்கலை.

தை கடைசியில் நம்பிவிட்டது.
மொட்டில் சிவப்பு, விரிந்தால் வெளுப்பு.
சிமெண்டுப் புழுதிக் காற்றில் யார் வருவார்கள் இதற்கு?
கொசுத்தேனீ வந்தது.
கரண்டுக்காரர் தட்டிவிடச் சொன்ன,
மீட்டர் பெட்டிக்குள் குடியிருக்கும் அதே கூட்டம்.

அணிலுக்குப் போக, கிளிக்குப் போக,
வெங்காயச் சாக்கு வலைக்குள் கட்டிக் காத்ததில்
பத்தொன்பது.
வைகாசியில் பழுத்தது.
சிவப்பென்று சொல்ல முடியாது,
வெயில் விழுந்த பக்கம் நாலைந்து காவிக்கோடு.
முதல் பழம் கடித்தேன்.
முழங்கை வரை வழிந்ததை
சேலையில் துடைக்காமல் நக்கினேன்.

அவர் ராம்பன் பக்கம், மண் சரிந்த ரோட்டில்.
வண்டியில் இருந்ததும் ஆப்பிள்தான்,
போன வருசம் பறித்துக் குளிரில் அடைத்துவைத்தது.
"நான் வர்ற வரைக்கும் வை."
பிரிட்ஜில் ஒன்று வைத்தேன்.
ஆறாம் நாள் வெட்டினால் மாவு,
ஆறிப்போன மரவள்ளிக் கிழங்கு.

அப்போது விளங்கிற்று.
இதற்குத் தார்ப்பாய் வேண்டாம், கயிறு வேண்டாம்,
எடைமேடை இல்லை, செக்போஸ்ட் மாமூல் இல்லை.
மரத்தடிக்கு நடந்து வந்தவர்க்கு மட்டும்.
துளசிமணி வந்தாள்.
"புளிக்குதே" என்றாள்.
சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டாள்.
மீட்டர் பார்க்க வந்தவருக்கும் ஒன்று,
பெட்டியைத் தட்டாமல் போனதற்கு.

ஆனி பிறந்து வந்து சேர்ந்தார்.
ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி ஒன்றை இறக்கிவைத்து
மரத்தை ஒரு சுற்று சுற்றினார்.
"எல்லாம் தின்னாச்சா?"
"எல்லாம்."
"எப்படி இருந்துச்சு?"

இருபத்தாறு வருசமாய்
பனியை, சுரங்கத்தை, ஆப்பிள் மண்டியை
அவர் சொல்ல நான் கேட்டிருக்கிறேன்.
அன்றைக்கு நான் சொன்னேன்,
கடித்த சத்தத்திலிருந்து.
பாதியிலேயே குறட்டை.

ஸ்டூல் காலுக்கு ஓர் ஆணி அடிக்க வேண்டும்,
மார்கழிக்குள்.